‘நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?’ - செல்லப் பூனைக்குத் திடீர் நோய்... என்ன முடிவெடுப்பது, எப்படி விடைகொடுப்பது?

பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குள் ஓடி வருபவர்கள் பலர் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான்: “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு டாக்டர்!”

அவர்கள் சொல்வது உண்மை. அவர்கள் கண்ணுக்கு அது நல்லாத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில், பல வருஷத்துக்கு மனதில் நிற்கப்போகிற ஒரு முடிவை அவர்களே எடுக்க வேண்டியிருக்கும். சிகிச்சையைத் தொடர்வதா, வலியில்லாமல் அனுப்பி வைப்பதா?

அந்தப் பதற்றத்தில் ஃபோனை எடுத்து நிதானமாகப் படிக்க யாராலும் முடியாது. அதனால், உங்கள் பூனை இப்போது சோஃபாவில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தால், இதைப் படிக்கச் சரியான நேரம் இதுதான். ஏற்கெனவே ஒரு பூனையை இழந்து, “நாம கவனிக்காம விட்டுட்டோமோ” என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாலும், படியுங்கள்.

பூனை ஏன் நோயைக் காட்டிக்கொள்வதில்லை?

நம் வீட்டுப் பூனைகளின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடும் சிறிய விலங்கு அது. எலியைப் பிடிக்கும், அதே நேரத்தில் தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகவும் ஆகும். கூட்டமாக வாழாததால் ஆபத்தில் உதவிக்கு வரவும் ஆள் கிடையாது. பலவீனம் வெளியே தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பழக்கம் ஹாலில் ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கும் பூனையிடமும் அப்படியே இருக்கிறது.

நாய்க்குக் காலில் அடிபட்டால் நம்மிடம் வந்து நிற்கும். பூனை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். “சாகப்போற பூனை வீட்டை விட்டுப் போயிடும்” என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதற்கு மரணம் முன்கூட்டியே தெரிகிறது என்று அர்த்தமில்லை. உடம்பு முடியாதபோது யார் கண்ணிலும் படாத இடத்தைத் தேடிப் போகிறது, அவ்வளவுதான்.

அறிகுறிகள் இருக்கும். ஆனால் ரொம்பச் சின்னதாக இருக்கும். பீரோ மேல் தாவும் பூனை நாற்காலியோடு நிறுத்திக்கொள்ளும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது குறையும், முதுகு முடி சிக்குப் பிடிக்கும். தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகும். இதையெல்லாம் “வெயில் காலம்ல”, “வயசாகுதுல்ல” என்று நாம் கடந்துவிடுவோம்.

பூனையின் வலியை முகத்தைப் பார்த்தே மதிப்பிட ஓர் அளவுகோல் இருக்கிறது. கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ‘ஃபீலைன் கிரிமேஸ் ஸ்கேல்’ அது. காது எப்படி நிற்கிறது, கண் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, வாய்ப்பகுதி இறுகியிருக்கிறதா, மீசை முடி நேராக விறைத்திருக்கிறதா, தலை தோளைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்ற ஐந்து விஷயங்களுக்கும் 0, 1, 2 என மதிப்பெண். மொத்தம் 10-க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி நிவாரணம் தேவைப்படலாம் என்று அர்த்தம். இதற்கு மொபைல் ஆப்பும் உண்டு.

ஒரே நாளில் நிலைமையை மாற்றும் நோய்கள் எவை?

*இதயத்திலிருந்து வரும் ரத்தக்கட்டி:* பூனை திடீரென அலறும். பின்னங்கால்கள் இழுபடும், தொட்டால் ஜில்லென்று இருக்கும், பாதம் வெளிறி அல்லது நீலம் பாரித்துக் காணப்படும். இதயத்தில் உருவான ரத்தக்கட்டி, பெருந்தமனி இரண்டு கால்களுக்கும் பிரியும் இடத்தில் போய் அடைத்துக்கொள்வதால் இப்படி ஆகிறது.

இதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதயத் தசை தடித்துப்போகும் ஹெச்.சி.எம் என்ற நோய். பிரிட்டனில் வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்த 780 பூனைகளை ஸ்கேன் செய்து பார்த்தபோது, 14.7 சதவிகிதப் பூனைகளுக்கு இந்த நோய் இருந்தது. அதாவது, ஏறக்குறைய ஏழில் ஒன்று. அவற்றில் பல வாழ்நாள் முழுக்க எந்தச் சிக்கலும் இல்லாமல் இருந்துவிடும். சில பூனைகளுக்கு இந்த ரத்தக்கட்டிதான் முதல் அறிகுறி. அதற்கு முந்தைய நாள் வரை உரிமையாளருக்குத் தெரிய வாய்ப்பே இருந்திருக்காது.

பிழைக்குமா? 2004-க்கும் 2012-க்கும் இடையில் இப்படி ரத்தக்கட்டி அடைத்த 250 பூனைகளைப் பற்றிய பிரிட்டன் ஆய்வு ஒன்று 2014-ல் வெளியானது. அதில் 61 சதவிகிதப் பூனைகளுக்கு, மருத்துவரிடம் கொண்டுவந்த உடனேயே கருணைக்கொலை செய்யப்பட்டது. ஒரு வாரத்தைத் தாண்டியவை 12 சதவிகிதம்தான். மீண்டு வரும் பூனைகள் உண்டு. ஆனால் இது கடினமான பாதை.

*ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு:* ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் ரொம்பக் குறுகலானது. சளி போன்ற கசடும் உப்புப் படிகங்களும் சேர்ந்து அதை அடைத்துவிடும். பூனை அடிக்கடி லிட்டர் பாக்ஸில் உட்கார்ந்து முக்கும். நாம் மலச்சிக்கல் என்று நினைப்போம். சிறுநீர் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு தடுமாறும். இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். நல்ல செய்தி: நேரத்தோடு கொண்டுபோனால் டியூப் போட்டு அடைப்பை நீக்க முடியும், பெரும்பாலான பூனைகள் பிழைத்துவிடும். இங்கே ‘காலையில பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடவே கூடாது.

*பேன்லூக்கோபீனியா:* தடுப்பூசி போடாத குட்டிகளை இரண்டு மூன்று நாளில் சாய்த்துவிடும் வைரஸ். நாய்க்கு வரும் பார்வோ வைரஸின் நெருங்கிய உறவுக்காரன். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரும், வெள்ளை அணுக்கள் சரியும். சிகிச்சை கொடுத்தாலும் நிறையக் குட்டிகள் பிழைப்பதில்லை. ஆனால், தடுப்பூசி மூலம் தடுக்க முடிகிற நோய் இது. 6 முதல் 8 வார வயதில் முதல் ஊசி, பிறகு 16 வாரம் வரை 3 அல்லது 4 வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள்.

*நாமே கொடுக்கும் விஷம்:* பாராசிட்டமால். நமக்குச் சாதாரண மாத்திரை. பூனையின் கல்லீரலில் அதைச் செரித்து வெளியேற்றும் நொதி போதுமான அளவு இல்லை. ஒரே ஒரு மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும். அடுத்தது, பொக்கேயில் வரும் லில்லிப் பூ. இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எது உள்ளே போனாலும் சிறுநீரகம் செயலிழக்கும்.

மருத்துவமனைக்குப் போகும் வரை என்ன செய்யலாம்?

செய்யக்கூடாதவைதான் அதிகம். மனிதர்களுக்கான எந்த மாத்திரையும் கூடாது. வாயைத் திறந்து பாலோ தண்ணீரோ ஊற்றக்கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். ஜில்லென்று ஆன காலைத் தேய்த்துவிடுவது, சுடுநீர் ஒத்தடம் கொடுப்பது இரண்டும் வேண்டாம்.

கேரியரில் ஒரு துண்டை விரித்து, பூனையைப் படுக்க வைத்து, மேலே இன்னொரு துண்டைப் போட்டு இருட்டாக்குங்கள். கிளம்பும்போதே மருத்துவமனைக்கு ஃபோன் செய்து, டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். வாயைத் திறந்து நாய் மாதிரி இரைக்கிறது என்றால் அது அவசர நிலை. வண்டியிலேயே ஃபோன் பேசிக்கொள்ளலாம், முதலில் கிளம்புங்கள்.

டாக்டரிடம் என்னென்ன கேட்கணும்?

அழுகையும் குழப்பமுமாக நிற்கும்போது கேள்விகள் மறந்துபோகும். இந்த ஐந்தையும் ஃபோனில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

1. இப்போது இதற்கு வலி இருக்கிறதா? முதலில் வலியைக் குறைக்க முடியுமா?
2. சிகிச்சை கொடுத்தால் குணமாகுமா, இல்லை சில நாட்கள் கூடுதலாகக் கிடைக்குமா?
3. அந்த நாட்கள் எப்படி இருக்கும்? தானாகச் சாப்பிடுமா, நடக்குமா?
4. எவ்வளவு நேரத்தில் முன்னேற்றம் தெரிய வேண்டும்? தெரியாவிட்டால் அடுத்து என்ன?
5. மொத்தம் எவ்வளவு செலவாகும்?

ஐந்தாவது கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். “காசைப் பார்க்குறோம்னு நினைச்சுடுவாரோ” என்ற தயக்கம். தினமும் இதே கேள்வியைச் சந்திப்பவர்தான் டாக்டர். முதலிலேயே கேட்டால், உங்கள் பட்ஜெட்டுக்குள் எது முக்கியமான பரிசோதனை, எதைத் தவிர்க்கலாம் என்று அவரால் சொல்ல முடியும். கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகளில் செலவு பொதுவாகக் குறைவு. 1903-ல் தொடங்கப்பட்டு இப்போது வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கல்லூரி தவிர, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற ஊர்களிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன.

முடிவெடுக்கச் சில நாட்கள் அவகாசம் இருந்தால், அமெரிக்க கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் உருவாக்கிய பட்டியல் உதவும். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் தலா 10 மதிப்பெண். மொத்தம் 35-ஐத் தாண்டினால், வாழ்க்கைத் தரம் ஏற்கத்தக்கதாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பாருங்கள். ஒருவர் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் படும்.

‘கருணைக்கொலை’... அப்போது என்னதான் நடக்கும்?

தமிழில் இந்தச் சொல்லே ஒரு பாரம். ‘கருணை’யைவிட ‘கொலை’தான் நம் காதில் சத்தமாக விழுகிறது. “நானே கையெழுத்துப் போட்டுக் கொன்னுட்டேன்” என்று பிற்பாடு சிலர் உடைந்துபோவதில் இந்தச் சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு. நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் அந்தப் பாரம் கொஞ்சம் குறையலாம்.

வழக்கமாக முதலில் ஒரு மயக்க ஊசி போடுவார்கள். சில நிமிடங்களில் பூனை ஆழ்ந்து உறங்கிவிடும். பிறகு காலில் உள்ள ரத்தக்குழாய் வழியாக, மயக்க மருந்து மிக அதிக அளவில் செலுத்தப்படும். சில விநாடிகளில் நினைவு முழுவதுமாகப் போய்விடும். அதன் பிறகுதான் மூச்சும் இதயமும் நிற்கும். ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து டாக்டர் உறுதிசெய்வார். மயக்க ஊசி முதலில் உண்டா என்பதைத் தயங்காமல் கேளுங்கள்.

பார்ப்பவர்களை அதிரவைக்கும் சில விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. கண் தானாக மூடாது, திறந்தபடியே இருக்கும். உயிர் போன பிறகும் ஒன்றிரண்டு முறை பெருமூச்சு மாதிரி வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் கழியலாம். இவை உடலின் இயல்பான செயல்கள். பூனைக்கு அப்போது எந்த உணர்வும் இருக்காது.

இதை டாக்டர் மட்டுமே செய்ய வேண்டும். ‘தூக்க மாத்திரை கொடுத்துடலாம்’ என்ற யோசனை வலியைக் கூட்டவே செய்யும். விலங்கைக் கொடூரமான முறையில் கொல்வது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கடைசி நிமிடத்தில் நாம் கூட நிற்கணுமா?

முடிந்தால் நில்லுங்கள். தெரிந்த வாசனை, தெரிந்த குரல், பழகிய துண்டு இவையெல்லாம் அந்நியமான ஓர் அறையில் பூனையின் பயத்தைக் குறைக்கும். தலைப் பக்கம் நின்று, எப்போதும் கூப்பிடும் பெயரைச் சொல்லி, அதற்குப் பிடித்த இடத்தில் தடவிக்கொடுங்கள். மயக்க ஊசி போட்டதும் தூங்கிவிடும் என்பதால், பேச வேண்டியதை அதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

முடியவில்லையா? மயக்கம் வரும் வரை இருந்துவிட்டு வெளியே வந்துவிடலாம். அதில் தவறில்லை. நீங்கள் பதறி அழுதால் பூனையும் பதறும் என்று தோன்றினால், வீட்டில் அதற்குப் பழக்கமான இன்னொருவர் உள்ளே இருக்கட்டும்.

நம் ஊரில் யாரும் “போறேன்” என்று சொல்வதில்லை, “போயிட்டு வர்றேன்” என்றுதான் சொல்வோம். பூனையிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு, “போயிட்டு வா”வே போதும்.

உடலை என்ன செய்வது?

சொந்த இடம் இருந்தால் குறைந்தது மூன்றடி ஆழத்தில், கிணறு, போர்வெல்லிலிருந்து தள்ளிப் புதைக்கலாம். ஆழம் ஏன் முக்கியம்? கருணைக்கொலைக்குப் பயன்படுத்திய மருந்து உடலில் தங்கியிருக்கும். தெருநாயோ காகமோ தோண்டித் தின்றால் அவற்றுக்கும் ஆபத்து. பிளாஸ்டிக் பை வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் மருத்துவமனையிலேயே கேளுங்கள். தகனம் செய்ய வசதி இருக்கிறதா, சாம்பலைத் திருப்பித் தருவார்களா என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உள்ளாட்சி அலுவலகத்திலும், உள்ளூர் விலங்கு நல அமைப்புகளிடமும் விசாரிக்கலாம்.

இறந்தது பேன்லூக்கோபீனியாவால் என்றால் கூடுதல் கவனம் தேவை. அந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம் வரைகூட உயிர்ப்போடு இருக்கும். சோப்பு போதாது, தரை, கிண்ணம், கேரியரை பிளீச் கரைசலால் துடைக்க வேண்டும். படுக்கையையும் லிட்டர் பாக்ஸையும் அப்புறப்படுத்திவிடுங்கள். தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டியை உடனே அந்த வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

‘ஒரு பூனைக்கா இவ்வளவு அழுகை?’

“வேற ஒண்ணு வாங்கிக்கலாம் விடு”, “ஒரு பூனைக்குப் போய் லீவ் போடுவாங்களா?” - ஆறுதல் என்று நினைத்துச் சொல்லப்படும் இந்த வார்த்தைகள்தான் கூடுதலாக வலிக்கும். உறவினர் இறந்தால் வீட்டுக்கு நாலு பேர் வருவார்கள், சாப்பாடு கொண்டுவருவார்கள். பூனை இறந்தால் மறுநாள் காலை மீட்டிங்கில் கேமராவை ஆஃப் செய்துவிட்டு அழ வேண்டியதுதான். சமூகம் துக்கமாகவே மதிக்காத இந்த வகைத் துக்கத்துக்கு ஆய்வுலகில் தனிப் பெயரே உண்டு. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே கொண்டுவந்தார்.

ஆனால், எல்லா இடத்திலும் இதைச் சின்ன விஷயமாகப் பார்க்கவில்லை. பழைய எகிப்தில் வீட்டுப் பூனை இயற்கையாக இறந்தால், அந்த வீட்டார் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். ஜப்பானின் வாகயாமா பகுதியில் கிஷி ரயில் நிலையத்துக்கு 2007-ல் ‘ஸ்டேஷன் மாஸ்டர்’ ஆக நியமிக்கப்பட்ட டாமா என்ற பூனை, 2015 ஜூன் 22-ல் இதயம் செயலிழந்து இறந்தது. அதன் இறுதிச்சடங்குக்கு வந்தவர்கள் சுமார் 3,000 பேர். துக்க காலம் முடிந்த பிறகே அடுத்த பூனை நிடாமா அந்தப் பொறுப்புக்கு வந்தது.

“அடுத்த பூனையை எப்போ வாங்கலாம்?” என்பவர்களுக்கும் அதில் ஒரு பதில் இருக்கிறது. அவசரமே இல்லை.

துக்கத்தைவிட நீண்ட நாள் உறுத்துவது குற்றவுணர்ச்சி. ‘ரெண்டு நாள் முன்னாடியே சரியா சாப்பிடல... அப்பவே போயிருந்தா?’ என்ற கேள்வி. முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால், ஒவ்வொரு சின்ன விஷயமும் அறிகுறியாகவே தெரியும். ஆனால் அந்த இரண்டு நாளுக்கு முன்பு நின்று பார்த்த உங்களுக்கு, அது ‘இன்னைக்குப் பசிக்கல போல’ மட்டும்தான். ரத்தக்கட்டி மாதிரியான நோய்களில், முன்கூட்டியே பார்த்திருக்கப் பெரும்பாலும் எதுவுமே இருந்திருக்காது. மனதைத் தொடர்ந்து அரித்தால், சிகிச்சை கொடுத்த டாக்டரிடமே ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள்: “வேற ஏதாவது செஞ்சிருக்கலாமா?” கற்பனையில் ஓடும் பதிலைவிட அவர் சொல்லும் பதில் தெளிவாக இருக்கும். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனால், மனநல ஆலோசகரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

குழந்தைகளிடமும், வீட்டில் உள்ள இன்னொரு பூனையிடமும்...

சின்னக் குழந்தைகளிடம் “தூங்கிடுச்சு”, “ஊருக்குப் போயிருக்கு” என்று சொல்லாதீர்கள். முதலாவது, தூங்கவே பயத்தை உண்டாக்கும். இரண்டாவது, தினமும் வாசலைப் பார்க்க வைக்கும். “அதுக்கு ரொம்ப உடம்பு சரியில்லாம போச்சு, டாக்டரால சரி பண்ண முடியல, செத்துப்போச்சு, இனிமே வராது” என்று எளிமையாகச் சொல்லிவிடலாம். சளி, காய்ச்சல் வந்தால் எல்லாரும் சாக மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கூட வளர்ந்த இன்னொரு பூனை சில நாள் தேடும், கத்தும், குறைவாகச் சாப்பிடும். அதன் சாப்பாட்டு நேரத்தையும் விளையாட்டு நேரத்தையும் மாற்றாதீர்கள். ஒரு நாளுக்கு மேல் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். பூனைகள் சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகிவிடும். ‘துக்கத்துல இருக்கு, தானா சரியாயிடும்’ என்று விட்டுவிடக் கூடாது.

இன்றைக்கே செய்யக்கூடியவை

* 24 மணி நேரமும் இயங்கும், அல்லது இரவில் ஃபோன் எடுக்கும் ஒரு கால்நடை மருத்துவமனையின் எண்ணை இப்போதே சேமித்துவிடுங்கள்.
* கேரியரைப் பரணிலிருந்து இறக்கி, உள்ளே ஒரு துணி போட்டு, பூனை போய் வரும் இடத்தில் திறந்தே வையுங்கள்.
* மாதம் ஒருமுறை எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் போதும்.
* வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். வயதான பூனை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.
* பூனை ஆழ்ந்து தூங்கும்போது, ஃபோனில் 30 விநாடி டைமர் வைத்து, வயிறு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். ஆரோக்கியமான பூனைக்கு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டாது. தொடர்ந்து தாண்டினால் டாக்டரைப் பாருங்கள். வெளியே எதையும் காட்டிக்கொள்ளாத இதய நோய், சில நேரம் இந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.